சுகாதார சேவையில் இயன்மருத்துவரின் பங்கு

சுகாதார சேவையாளர்களைப் பற்றி எழுதும்படி கேட்டால் வைத்தியர், தாதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரைப் பற்றி நீங்கள் நன்றாகவே எழுதுகின்றீர்கள். இயன்மருத்துவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் “எண்ணெய் பூசி உரஞ்சிவிடுபவர்” என்ற ஒரு வரியுடன் பலரது விடை முடிந்துவிடுகின்றது. இது தவறான விடையாகும்.

நோய், விபத்து, முதுமை, பிறவிக் குறைபாடு என்பவற்றால் ஒருவர் இழந்த அசைவாற்றலை உடற்பயிற்சி, சரியான உடல்நிலை, வெப்பம், குளிர், மின்தூண்டல் முதலிய முறைகளால் இயன்றவரை மீளப் பெறச் செய்வதும், எஞ்சியுள்ள ஆற்றலைப் பாதுகாப்பதும் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) எனப்படும். இவர் சத்திரசிகிச்சை செய்பவர் அல்லர். உயிர் தப்பிய நோயாளி மீண்டும் எழுந்து, நடந்து, தன் வேலையைத் தானே செய்வதற்கு உதவுபவர்.

மேற்சொன்ன தவறான எண்ணத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1894இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் சேர்ந்து அமைத்த சங்கமே அங்கு இத்தொழிலின் தொடக்கமாகும். அது பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளரின் சங்கமாகவே ஆரம்பித்தது. பின்னர் முதலாம் உலகப் போரில் காயமடைந்தவர்களும், போலியோவினால் கால் சூம்பிய பிள்ளைகளும் பெருந்தொகையாக வந்தபோதே உடற்பயிற்சி சிகிச்சை விரிவடைந்தது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். இன்று இங்கு இயன்மருத்துவரை அதிகம் நாடுபவர்களுள் பாரிசவாத நோயாளர் முக்கியமானவர்கள்.

பாரிசவாதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ குருதிக்குழாய் வெடிப்பதாலோ மூளைக்கலங்கள் இறக்கின்றன. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். இறந்த கலங்கள் மீண்டும் உயிர்பெறா. ஆயினும் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையின் வேறு பகுதிகள் அவ்வேலையை ஓரளவு கற்றுக்கொள்கின்றன. பயிற்சியின் அடிப்படை இதுவே. அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும், தசை மெலியும், படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும்.

எனது அம்மம்மாவுக்கு இந்நோய் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்பும்போது இயன்மருத்துவர் காட்டித்தந்த பயிற்சிகளைச் சில நாட்களிலேயே விட்டுவிட்டோம். “வருத்தக்கார மனுசி, ஆறுதலாகக் கிடக்கட்டும்” என்பதே வீட்டில் எல்லோரதும் எண்ணம். எழுப்பும்போது மாமி அந்தச் சோர்ந்த கையைப் பிடித்தே இழுத்துத் தூக்குவார். இரண்டு மாதத்தில் தோள்மூட்டு விலகி நோவெடுத்தது; விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. மீண்டும் கிளினிக்குக்குக் கொண்டுசென்றபோது இயன்மருத்துவர் எங்களை ஏசவில்லை. மாமியை அழைத்து, கையை இழுக்காமல் தோளுக்குப் பின்னால் தாங்கி எழுப்பும் முறையைக் காட்டி, அவரையே செய்யவைத்துப் பார்த்தார். பயிற்சியைத் தொடர்ந்தோம். அம்மம்மா பின்னர் ஊன்றுகோலுடன் கிணற்றடிவரை நடந்தார். விரல்கள் மட்டும் விரியவேயில்லை.

ஆகவே நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதுடன் அவரது பணி நின்றுவிடுவதில்லை, வீட்டாருக்குக் கற்பிப்பதும் அவரது கடமை என்பதை விடையில் எழுத மறக்க வேண்டாம். பெரும்பாலானோர் விட்டுவிடும் புள்ளி இது.

ஏனைய பணிகளைச் சுருக்கமாகத் தருகின்றேன். என்பு முறிவுக்குப் போட்ட பிளாஸ்ரர் கழற்றிய பின் இறுகிய மூட்டை இளக்குதல். சத்திரசிகிச்சையின் பின் மூச்சுப் பயிற்சியால் சளி வெளியேற உதவுதல். மூளைவாதமுள்ள பிள்ளைக்கு இருக்கவும் நிற்கவும் பழக்குதல். விளையாட்டு வீரரின் காயத்தைக் கவனித்தல். கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்துமுன் எஞ்சிய பகுதியைப் பலப்படுத்துவதும், பொருத்தியபின் நடக்கப் பழக்குவதும் இவரது பணியே. 1968இல் இந்தியாவில் உருவாக்கப்பட்ட ஜெய்ப்பூர் கால் நமது பகுதிகளில் போரினாலும் மிதிவெடியாலும் கால் இழந்த பலருக்குப் பொருத்தப்பட்டது. கால் கிடைத்தாலும் பயிற்சி இல்லாவிடின் அது மூலையில்தான் கிடக்கும்.

“இதைப் படிக்க என்ன செய்ய வேண்டும் சேர்?” என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. நான் கலைப்பிரிவில் படித்தவன், எனக்கு அந்த வழி இருக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்றுச் சித்தியடைந்தால் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இதைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம்.

மாதிரி வினா: பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இயன்மருத்துவர் ஆற்றும் பணிகள் இரண்டை விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: “பயிற்சி அளிப்பார்” என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடையாது. “மூட்டுகள் இறுகாதிருக்க, செயலிழந்த கை கால்களை நாள்தோறும் அசைத்துப் பயிற்சி அளிப்பார்” எனக் காரணத்துடன் எழுதுக. இரண்டாவது பணியை மேலேயுள்ள பாடத்திலிருந்து நீங்களே தெரிந்தெடுத்து எழுதுங்கள்.