புதிதாய் வாங்கிய அழகு மீன்களைத் தனித்து வைத்தல்

அந்தியூர்ச் சந்தையிலோ கண்ணபுரம் சந்தையிலோ மாடு பிடித்து வரும் குடியானவர், கோமாரி முதலிய நோய் ஒட்டியிருக்குமோ என்றஞ்சி, அதனைச் சில நாள் தனியே கட்டி வைத்த பின்னரே பழைய கட்டுத்தரையில் சேர்ப்பது வழக்கம். அவரே, சென்னைக் கொளத்தூரிலிருந்து வரும் தங்கமீனையும் கோய்க் கெண்டையையும் வாங்கிய அன்றே தோட்டத்துத் தொட்டியில் கொட்டிவிடுகின்றார். இது பெரும் பிசகாகும். தொட்டி நீர் பண்ணைக் குட்டையிற் பாயுமாயின், அங்குள்ள கட்லா, ரோகுவிற்கும் கேடு விளையும்.

மீன் பார்வைக்கு நலமாயிருப்பது போதிய சான்றாகாது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் செவுளில் மறைந்திருந்து, முதிர்ந்தபின் நீரில் உதிர்ந்து, பலவாய்ப் பெருகி மீண்டும் மீனைப் பற்றும். 25 பாகை வெப்பமுள்ள நீரில் இச்சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். நங்கூரப் புழுவிற்கோ மூன்று வாரத்திற்கு மேலும் செல்லும். ஆதலின் ஐந்து நாள் வைத்துப் பார்த்தோம் என்பது கணக்கிற் சேராது. குறைந்தது நான்கு வாரம் வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரில் நோயின் சுற்றும் மெதுவாகும். அப்போது மேலும் இரண்டு வாரம் கூட்டுவது நன்று.

1988இல் வடகிழக்கு மாகாணங்களில் தோன்றிய மீன் புண் நோய், 1991இல் கேரளத்தை எட்டி, விரால் முதலிய மீன்களைப் பெருவாரியாய் மாய்த்தது. வெளிநாட்டுத் தாய் இறால்களை நோய்ச் சோதனை முடியும்வரை அடைத்து வைக்க நீலாங்கரையில் 2009 முதல் ஒரு நிலையம் நடைபெற்று வருகின்றது.

குடியானவருக்கு அத்துணைச் செலவு வேண்டுவதில்லை. விரல் நீள மீன் இருபதிற்கு 300 லிட்டர் கொள்ளும் சிமெண்ட்டுத் தொட்டி ஒன்று, நிழலில், பழைய தொட்டிக்குச் சில கெஜமேனும் அப்பால் இருத்தல் வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால் ஒரு நாள் திறந்து வைத்த பின் பயன்படுத்துக. கிணற்று நீரையும் காற்றோட்டம் பெறவிட்டே ஊற்றுக. காற்றுக் குழாயோடு கூடிய பஞ்சு வடிகட்டியைப் பழைய தொட்டியில் முன்னரே ஒரு மாதம் ஊறவைத்து எடுத்து வைத்தால், கழிவு நஞ்சு சேராது. அஃதில்லையேல் நாள்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக, தீனியைக் குறைத்திடுக.

மீன் வந்த பையைக் கால்மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பையிலுள்ள நீர் தொட்டியிற் சேரலாகாது. வலை, வாளி, கைக்குடம் யாவும் தனி. பழைய தொட்டியின் வேலையை முடித்த பின்னரே புதியதன் அருகே செல்க. இச்சிறு ஒழுங்கு தவறுவதாலேயே பலரது முயற்சி வீணாகின்றது.

வெண்புள்ளி காணின் லிட்டருக்கு 3 கிராம், அதாவது 300 லிட்டருக்கு 900 கிராம் கல்லுப்பை, ஒரு நாளில் மும்முறையாய்க் கரைத்து விடுக. செதிளில்லாத கெளுத்தி வகைக்குப் பாதியில் தொடங்குதல் நலம். உப்பு, நீரில் நீந்தும் பருவத்தையே கொல்லும். தோலுக்குள் இருப்பதைத் தொடாது. ஆகையால் புள்ளி மறைந்த உடனே நீரை மாற்றி உப்பை நீக்கலாகாது. நங்கூரப் புழுவை இடுக்கியாற் பற்றி எடுக்க வேண்டியதே. வெளியேற்றும் நீரைத் தென்னை மரங்களுக்கு மாறிமாறி விடலாம். வாய்க்காலில் விடுதல் தகாது.

நான்கு வாரத்தினிடையே வேறொரு மீனைத் தொட்டியிற் சேர்த்தால், கணக்கு அன்று முதல் மறுபடி தொடங்கும்.