குடித்தவர்களோடு பழகினால் மறுபடியும் குடிப்பாரா?

கேள்வி: என் கணவர் பதினைந்து வருடம் குடித்தவர். மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை எடுத்த பிறகு எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. வாரம் மூன்று நாள் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறார். போதாததற்கு, பக்கத்து ஊரில் புதிதாக ஆரம்பித்திருக்கும் குழுவுக்கும் பஸ் ஏறிப் போகிறார். ராத்திரியில் யாராவது போன் செய்து அழுகிறார்கள். இவர் மொட்டைமாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசுகிறார். இப்படிக் குடிகாரர்களோடே பழகினால் பழைய வழிக்கு இழுத்துவிட மாட்டார்களா? அடுத்த மாதம் கோவைக்கு மாற்றல் வேறு. தனியாக இருக்கப் போகிறார். பயத்தில் தூக்கமே வரவில்லை.
- ச.மீ., காரைக்குடி

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. பதினைந்து வருடம் பட்டவர் நீங்கள். ஆனால், நீங்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ, அதுதான் இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தைரியமாக இருங்கள்.

குடிக்கத் தூண்டும் சகவாசம் வேறு, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட விரும்புபவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் குழு) கூட்டம் வேறு. அங்கே ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பார். குடி தன் வீட்டை, வேலையை, பிள்ளைகளை என்ன செய்தது என்று சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். முடிவில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் பணத்தை வாங்குவதில்லை.

உங்கள் கணவர் ஏன் போன் பேசுகிறார், ஏன் பஸ் ஏறுகிறார் என்பதற்கு இந்த அமைப்பு பிறந்த கதையே பதில். 1935 மே மாதம், ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருந்த பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் கைகூடவில்லை. ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்தார். தேவாலயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசி, ‘குடியால் அவதிப்படுகிறவர் யாராவது இந்த ஊரில் உண்டா?’ என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவரோடு பேச்சு இரவு பதினொன்றைத் தாண்டியது. நடுவில் ஒருமுறை சறுக்கிய டாக்டர், ஜூன் 10-ஆம் தேதியோடு குடியை நிறுத்தினார். அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. தான் குடிக்காமல் இருப்பதற்காகத்தான் பில் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். உங்கள் கணவர் மாடியில் பேசும் பேச்சும் அதே மருந்துதான்.

குழுக்களும் இப்படியே ஒன்றையொன்று தாங்குகின்றன. புதிய குழுவில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். இரண்டு பேர் வராவிட்டால் கூட்டம் நின்றுபோகும். அதனால் பக்கத்து ஊர்க்காரர்கள் போய் உட்காருகிறார்கள். ஏ.ஏ. உதவுகிறது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.வோடு முறையாக இணைக்கும் சிகிச்சையில் தொடர்ந்து குடிக்காமல் இருப்பவர்கள் மற்றச் சிகிச்சைகளைவிட அதிகம் என்று கண்டது.

ஆகவே, மாற்றலுக்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்யுங்கள். கோவையில் எந்தக் கிழமை, எங்கே கூட்டம் என்று அவருடைய ஸ்பான்சரிடம் (அவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) கேட்டு, அங்குள்ள ஒருவரோடு இப்போதே போனில் பழக்கம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். போய் இறங்கும் அன்று சாயங்காலமே கூட்டத்துக்குப் போகட்டும். பழக்கமில்லாத ஊரில் முதல் சில மாலைப்பொழுதுகள்தான் ஆபத்தானவை.

உதவி கேட்பவர் குடித்திருந்தால், அவரைப் பார்க்க உங்கள் கணவர் தனியாகப் போக வேண்டாம். இருவராகப் போவதுதான் ஏ.ஏ. வழக்கம். தூக்கம் கெடும் அளவுக்குப் போன் வந்தால், இன்னொரு உறுப்பினரோடு பங்கிட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தைத் தவிர்ப்பது, ஸ்பான்சரின் போனை எடுக்காமல் இருப்பது, ‘இனி அளவோடு குடிக்கலாம்’ என்ற பேச்சு: இவைதான் மறுசரிவின் (நிறுத்தியவர் மீண்டும் குடிப்பது) அறிகுறிகள். அப்படி நடந்துவிட்டால், போதையில் இருக்கும்போது சண்டை வேண்டாம். ஸ்பான்சருக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.

கடைசியாக, உங்களுக்கு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற குழு உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணவர் போகும் குழுவில் விசாரித்தால் அருகில் எங்கே கூடுகிறார்கள் என்று சொல்வார்கள். இந்த வாரமே விசாரியுங்கள். எனக்கு எழுதியதை அங்கே, இதே பயத்தைக் கடந்து வந்த பெண்களிடம் சொல்லுங்கள்.