சூடாகும் பாகம்தான் குற்றவாளியா?

சென்ற மே மாதம் தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர், ஒரு சர்க்யூட் போர்டைப் பையில் போட்டுக்கொண்டு செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். "சார், இந்த ரெசிஸ்டர் கருகிக்கிட்டே இருக்கு. மூணு தடவை மாத்திட்டேன். சாயங்காலம் மாவு அரைக்கலைன்னா மறுநாள் யாவாரமே போச்சு" என்றார். அவரிடம் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க 'டிரைவ்' என்னும் பெட்டி. கருகியது அதற்குள் இருக்கும் போர்டு.

நான் டிப்ளமா படித்துவிட்டு மின்சார ரயில் கார்ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தவன். 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு 1500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கிய முறைதான் அப்போதும் இருந்தது. கோளாறு என்றால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். 2007-இல் ஐஜிபிடி என்னும் டிரான்சிஸ்டர் வைத்த புது ரயில்கள் வந்தபோது, நடுத்தர வயதில் மறுபடி பாடம் படித்தோம். அந்த ஐஜிபிடியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ரயிலில் இருப்பதும் இட்லிக் கடை டிரைவில் இருப்பதும் ஒரே இனம், அளவுதான் வேறு.

டிரைவில் ஆறு ஐஜிபிடிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'கேட்' என்ற வாசல். அதற்கு 15 வோல்ட் கொடுத்தால் திறக்கும். மைனஸ் 8 கொடுத்தால் இறுக மூடும். திறக்கும்போதெல்லாம் கேட்டில் கொஞ்சம் மின்னூட்டத்தை நிரப்ப வேண்டும், மூடும்போது கொட்ட வேண்டும். ஒரு செம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிற வேலை. அந்தச் சக்தி முழுவதும் கேட்டுக்கு முன்னால் உள்ள ரெசிஸ்டரிலும் டிரைவர் சிப்பிலும் சூடாகத்தான் போகிறது. தண்ணீர் தருவது கேட் சப்ளை. மேல் வரிசை மூன்றுக்கும் தனித்தனி சப்ளை. கீழ் வரிசை மூன்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். ஆகவே முதலில் களைப்பது கீழ் சப்ளை.

போர்டை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மறுநாள் தாராவிக்கே போனேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 415 வோல்ட்டில் ஓடும் டிரைவின் பெரிய கெபாசிட்டர்களில் ஏறக்குறைய 585 வோல்ட் டி.சி. தேங்கி நிற்கும். ஸ்விட்சை அணைத்தாலும் உடனே போகாது. பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கீழ் சப்ளையை அளப்பதும் விளையாட்டல்ல, அதுவும் மெயின் லைனோடு சம்பந்தப்பட்டதே. மீட்டர் கிளிப்புகளை மின்சாரம் இல்லாதபோது மாட்டிவிட்டு, விலகி நின்று ஸ்விட்சைப் போட்டோம். பழக்கமில்லாத பிள்ளைகள் இதில் இறங்க வேண்டாம்.

மோட்டாரைக் கழற்றியிருந்தோம். 'ஸ்டாப்' நிலையில் கீழ் சப்ளை 23 வோல்ட். சரியாக இருந்தது. 'ரன்' கொடுத்ததும் 19-க்கு இறங்கிவிட்டது. நின்றபோதே குறைந்திருந்தால் கேட்டிலோ ஜீனரிலோ கசிவு என்று தேடியிருப்பேன். ஓடும்போது மட்டும் குறைகிறதென்றால் திறந்து மூடும் வேலையே அதிகமாகிவிட்டது என்று பொருள்.

"இதுக்கு முன்னாடி யாராவது கை வச்சாங்களா தம்பி?"

போன வருஷம் ஒரு கடையில் ஐஜிபிடி மாடியூலை மாற்றினார்களாம். பழையது 25 ஆம்பியர்; கிடைத்தது 50 ஆம்பியர். பெரியதுதானே, நல்லதுதானே என்று போட்டுவிட்டார்கள். பெரிய மாடியூலுக்குப் பெரிய செம்பு! கேட் மின்னூட்டம் சுமார் 0.2 மைக்ரோகூலும் இருந்தது 0.4 ஆயிற்று. போதாததற்கு, மோட்டாரின் விசில் சத்தத்தில் மாடி வீட்டுக் கைக்குழந்தை தூங்கவில்லை என்று, வினாடிக்கு 5,000 முறை திறந்து மூடியதை 15,000 ஆக்கியிருக்கிறார்கள். சத்தம் காதுக்கு எட்டாமல் போயிற்று, வேலை ஆறு மடங்காயிற்று.

கணக்கு எளிது. மின்னூட்டம், வோல்ட், தடவை, மூன்றையும் பெருக்க வேண்டும். முன்பு 0.2 மைக்ரோகூலும் × 23 × 5,000 = 0.023 வாட். இப்போது 0.4 × 23 × 15,000 என்றால் 0.138 வாட். ரெசிஸ்டரோ எட்டில் ஒரு வாட், அதாவது 0.125. மே மாதப் புழுக்கத்தில், மூடிய பெட்டிக்குள், அதுவும் தாங்காது. அதை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவது போலத்தான்.

ரெசிஸ்டர் கருகுவது சின்ன நஷ்டம். 19-இல் மைனஸ் பக்கம் 8 போக, திறப்பதற்கு 11 வோல்ட்தான் மிஞ்சுகிறது. ஐஜிபிடி பாதி திறந்த கதவாகிவிடும். மோட்டார் கரண்ட் முழுவதும் அதில் முட்டிக்கொண்டு போகும். ஒரு நாள் மாடியூலே வெடிக்கும். சில டிரைவர் சிப்கள் வோல்ட் குறைந்தால் தாமே நிறுத்திக்கொள்ளும். இதில் அந்த வசதி இல்லை.

பொத்தானை அழுத்தி 5,000-க்கே திருப்பினேன். மீட்டர் ஏறக்குறைய 22-க்கு ஏறியது. இதுவரை சால்டரிங் அயர்னைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகுதான் அதே ஓம் மதிப்பில் அரை வாட் ரெசிஸ்டர் போட்டோம். கீழ் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரையும் 105 டிகிரி ரகத்துக்கு மாற்றினோம். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். மின்விசிறியில் மாவுத்தூசி அடைபோல் அப்பியிருந்தது, அதையும் சுரண்டி எடுத்தோம்.

விசில் திரும்பி வந்துவிட்டது. தம்பி மாடிக்குப் போய் அந்தத் தாயாரிடம் பேசிவிட்டு வந்தார். குழந்தை எட்டு மணிக்குத் தூங்குமாம். இப்போது ஆறரைக்கே அரைக்கத் தொடங்கி, எட்டுக்குள் முடித்துவிடுகிறார்.