தெருவிளக்கும் சாமந்திப் பூவும்: "புது ரகம்" என்று சொன்னால் நாம் என்ன கேட்க வேண்டும்?



வியாசர்பாடியில் பூ கட்டி விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் நம் குழுக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடியற்காலையில் கோயம்பேடு போய், சாமந்தியும் மல்லியும் வாங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கட்டி, மாலைக்குள் விற்று முடிப்பவர்கள். அவர்களுக்குச் சாமந்தியைப் பற்றி நாங்கள் பாடம் நடத்துவது கொஞ்சம் வேடிக்கைதான். பூவைத் தொட்டவுடனே அது நேற்று பறித்ததா, முந்தாநாள் பறித்ததா என்று சொல்லிவிடுவார்கள். ஆனாலும் போன வருடம் நடந்த ஒரு விஷயம் நம் எல்லோருக்குமே பாடமாக அமைந்தது. அதைத்தான் இந்த இதழில் பகிர்ந்து கொள்கிறோம்.

நடந்தது என்ன?

ஒரு குழுவின் கூட்டத்துக்கு வெளியாள் ஒருவர் வந்தார். கையில் வண்ணப் படங்கள். "பசுமைக்குடிலுக்காகவே உருவாக்கின புது ரக சாமந்தி இது. மொட்டை மாடியிலே குடில் போட்டுத் தர்றோம். கன்று நாங்களே தர்றோம். பூவையும் நாங்களே வாங்கிக்கிறோம்" என்றார். குழு பேங்க் லோன் எடுத்தால் போதுமாம்.

உறுப்பினர்களுக்கு ஆசை வந்துவிட்டது. தினமும் காசு கொடுத்து வாங்கும் பூவை நம் மாடியிலேயே விளைய வைத்தால் எவ்வளவு நல்லது! ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று நாங்களும் "நல்ல திட்டமாகத்தான் தெரிகிறது" என்று சொன்னோம். விசாரிக்காமல் அப்படிச் சொன்னது எங்கள் தவறு.

கூட்டத்தில் ஒரு அக்கா மட்டும் எழுந்து கேட்டார்: "இன்னா மேடம், நான் ஆடி மாசம் ரெண்டு சாமந்தித் தொட்டி வெச்சேன். ஒண்ணு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. அது கார்த்திகையிலேயே பூத்துடுச்சு. இன்னொண்ணு தெருவிளக்குப் பக்கமா கீது. தழை தழையா வளருது, ஒரு மொட்டு கூட இல்லே. ரெண்டும் ஒரே செடியிலேர்ந்து கிள்ளி வெச்சதுதான். இது ஏன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க."

வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. "உரம் பத்தலை" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் எங்களைத் தேட வைத்தது. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வந்தோம். அவரிடம் கற்றதையும் நாங்கள் படித்ததையும் கீழே தருகிறோம்.

சாமந்தி இருட்டை அளக்கும் செடி

சாமந்தி பூப்பதை முடிவு செய்வது இரவின் நீளம். இரவு குறுகி, பகல் நீளமாக இருந்தால் செடி தண்டும் இலையுமாக வளரும். இரவு நீண்டால் மொட்டு வைக்கும். இப்படி ஒளியையும் இருட்டையும் கணக்கு வைத்துச் செடிகள் பூப்பதை 1920-ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னர், அல்லார்டு என்ற இருவர் விளக்கிச் சொன்னார்கள். இருட்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நடுராத்திரியில் விளக்கு எரிந்தால், செடி அந்த நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக எண்ணிக்கொள்ளும். மொட்டு வைக்காது.

அக்காவின் தொட்டிக்கு விடை கிடைத்துவிட்டது. குறை உரத்தில் இல்லை, தெருவிளக்கில் இருந்தது! மார்கழி தொடக்கத்தில் அந்தத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார். தை மாதம் மிளகு அளவுக்கு மொட்டு வந்தது. மாசியில் பூத்தது.

பசுமைக்குடில் வைத்திருக்கும் விவசாயிகள் இதையேதான் தொழிலாகச் செய்கிறார்கள். கன்று நட்டதும் சில வாரங்களுக்கு நடுராத்திரியில் சில மணி நேரம் பல்பு எரிய விடுவார்கள். செடி பூக்காமல் உயரமாக வளரும். தேவையான உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துவார்கள். பகல் நீளமாக உள்ள நாட்களில் மாலையிலிருந்து காலை வரை கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்குவார்கள். கல்யாண சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் அதற்கேற்ப நாள் குறித்துப் பூக்க வைக்கலாம். பசுமைக்குடிலின் பெரிய லாபமே இதுதான்.

புது ரகம் எப்படிப் பிறக்கிறது?

ஒரு சாமந்தியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு கூட்டுக் குடும்பம். வெளியே இதழ் போல நீண்டிருப்பவை பெண் பூக்கள். நடுவில் வட்டமாக இருப்பவற்றில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணமும் சாமந்திக்குப் பெரும்பாலும் உண்டு. அதனால் விதை பிடிக்க வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும்.

விஞ்ஞானிகள் தாய்ச் செடியின் பூவில் இதழ்களைக் கத்தரியால் நறுக்கி, உள்ளே இருக்கும் சூல்முடி தெரியும்படி செய்வார்கள். தந்தை ரகத்தின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் தடவி, பூவைப் பையால் மூடி, பெயர்ச் சீட்டு கட்டுவார்கள். சில வாரங்களில் விதை முற்றும். அந்த விதையை முளைக்க வைத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் நிறத்திலும் குணத்திலும் மாறுவது போலத்தான். நூற்றுக்கணக்கான செடிகளில் தேறுவது ஒன்றோ இரண்டோதான்.

தேறிய செடியை விதை மூலம் பெருக்க மாட்டார்கள். நுனியைக் கிள்ளி வேர்விட வைப்பார்கள். கிள்ளி வைத்தது தாயை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். பிறகு சில வருடம் பல இடங்களில் நட்டுப் பார்ப்பார்கள். ஆகவே ஒரு ரகம் வெளிவரப் பல வருடம் ஆகிறது.

இன்னொரு வழியும் உண்டு. மஞ்சள் பூச் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிளையைக் கிள்ளி வைத்தால் அதுவே புது ரகம் ஆகலாம். இந்த மாற்றத்தைக் காமாக் கதிர் பாய்ச்சி வேண்டுமென்றே உண்டாக்கவும் செய்கிறார்கள். லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் இதில் பல வருட அனுபவம் உள்ள நிறுவனம். 'சுநீல்' என்ற ரகத்துக்குக் காமாக் கதிர் கொடுத்து 'சேகர்' என்ற ரகத்தை உருவாக்கி, 2021-இல் வெளியிட்டது. மற்ற சாமந்தி ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை பூப்பது இதன் சிறப்பு.

நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த சாமந்தி ரகங்கள் கோ 1, கோ 2, எம்டியு 1. கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா, எம்டியு 1 மஞ்சள். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் பல சாமந்தி ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

குடில் ரகம் வேறு, கட்டும் பூ வேறு

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. பசுமைக்குடிலுக்கு ரகம் உருவாக்குபவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? தண்டு நேராக, நீளமாக, வலுவாக இருக்க வேண்டும். இருட்டு கொடுத்தால் சொன்ன வாரத்தில் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்க வேண்டும். வெட்டித் தண்ணீரில் வைத்தால் பல நாள் வாடக் கூடாது. இலை கூட அழகாக இருக்க வேண்டும். காரணம், அது தண்டோடு விற்கும் கொய்மலர். பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போவது. விலை தண்டுக் கணக்கில்.

நமக்கு வேண்டியது உதிரிப்பூ. விலை கிலோ கணக்கில். கட்டும்போது இதழ் கொட்டக் கூடாது, எடை நிற்க வேண்டும், மூட்டையில் நசுங்கக் கூடாது. தண்டின் நீளத்தால் நமக்கு ஒரு பைசா லாபம் இல்லை. "அந்தப் பெரிய பூவை நாலு கட்டினா முழம் முடிஞ்சிடும். யாரு வாங்குவா?" என்று அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, நம் ஊர் சூடு. குடில் பூ சாகுபடிக்குப் பேர் பெற்ற ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவு குளிரும். சாமந்திக்கு அது பிடிக்கும். சென்னையோ கடல் மட்டத்தில் இருக்கிறது, இரவும் புழுக்கம். இரவு சூடாக இருந்தால் மொட்டு தாமதமாகும், பூ சிறுக்கும். பிளாஸ்டிக் கூரை போட்டால் வெயில் உள்ளேயே தங்கிச் சூடு இன்னும் ஏறும். போதாக்குறைக்கு மாடியைச் சுற்றித் தெருவிளக்கு!

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு இது:

- செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி. 200 சதுர அடி மாடியில் 200 செடி.
- வயலில் நன்றாகப் பராமரித்தால் முதல் பயிரில் ஹெக்டேருக்குச் சுமார் 20 டன் உதிரிப்பூ கிடைக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. ஹெக்டேருக்கு 1,11,000 செடி. அப்படியென்றால் ஒரு செடிக்கு 180 கிராம்.
- 200 செடிக்கு 36 கிலோ. தினசரி அல்ல, ஒரு சீசன் முழுவதற்கும்!
- கிலோ 100 ரூபாய் என்றே வைத்தாலும் 3,600 ரூபாய். இதில் கன்று, தொட்டி, மண், தண்ணீர், மருந்துச் செலவு போக வேண்டும். கூரை போட்ட கடன் தனி.

பலகையைப் பார்த்ததும் அறை அமைதியாகிவிட்டது. "முப்பத்தாறு கிலோ நாங்க பூஜை சீசன்லே ரெண்டு நாள்லே வித்துடுவோமே" என்றார் ஒருவர். லோன் வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சொந்த நிலம், குளிர்ந்த ஊர், கொய்மலருக்குச் சந்தை மூன்றும் இருப்பவர்களுக்குப் பசுமைக்குடில் நல்ல தொழில்தான். அதற்கு அரசு மானியத் திட்டங்களும் உண்டு. மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். நம் குழுவுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் வந்தது. புது ரகம் உருவாக்கியவர் அதைப் பதிவு செய்து கொள்ளலாம். சாமந்தி போன்ற பயிருக்கு அதிகபட்சம் 15 ஆண்டு பாதுகாப்பு உண்டு. விவசாயிக்கும் உரிமை உண்டு. பதிவு செய்த ரகத்தை விற்பவர், அது எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு விளையும் என்று சொல்லியாக வேண்டும். சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு ரகத்தின் பெயரும் ரசீதும் நம் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

யாராவது "புது ரகம்" என்று வந்தால் கேளுங்கள்

1. ரகத்தின் பெயர் என்ன? யார் உருவாக்கியது? பதிவு எண் உண்டா?
2. இது உதிரிப்பூவா, கொய்மலரா?
3. நம் ஊர் சூட்டில் நட்டுப் பார்த்த இடம் எது? நாங்கள் நேரில் போய்ப் பார்க்கலாமா?
4. எத்தனை வாரத்தில் பூக்கும்? விளக்கு, கறுப்புத் துணி வேண்டுமா? கரண்ட் செலவு யாருடையது?
5. பூவைத் திருப்பி வாங்குவதாகச் சொன்னால், விலையும் தேதியும் எழுத்தில் தருவீர்களா? வாங்காவிட்டால் கடனை யார் கட்டுவது?

இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் வந்தால் மேலே பேசலாம். "நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் குழு இப்போது என்ன செய்கிறது?

பேச்சு வளர்ந்தபோதுதான் உண்மையான பிரச்சினை வெளியே வந்தது. பூ வாங்கும் முதலுக்குப் பலர் தண்டல் வாங்கிக் கொண்டிருந்தார்கள். 900 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 வீதம் பத்து நாளில் 1,000 கட்டுவது. பூ விலையை விட இந்த வட்டிதான் அவர்களை அரித்தது. இப்போது குழுவின் சேமிப்பிலிருந்தே உள்கடன் தருகிறார்கள். தனித்தனியாகக் கோயம்பேடு போவதற்குப் பதில் முறை வைத்து இரண்டு பேர் போய், எல்லோருக்கும் மொத்தமாக வாங்கி வருகிறார்கள். பஸ் செலவும் மிச்சம், விலையும் குறைவு. தூக்கமும் மிச்சம் என்கிறார்கள்!

அக்காவின் மாடியில் இப்போது ஆறு தொட்டி இருக்கிறது. எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். "விக்கறதுக்கு இல்லே மேடம், சாமிக்கும் என் பொண்ணு தலைக்கும்" என்று சிரிக்கிறார். அன்று அவர் கூச்சப்பட்டுக் கொண்டு கேட்காமல் இருந்திருந்தால், இன்று பன்னிரண்டு பேர் கடன் தவணை கட்டிக் கொண்டிருப்பார்கள். நாங்களும் அதற்குப் பொறுப்பாளி ஆகியிருப்போம்.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் தொழிலுக்குத் தேவையான பொருள் எது, பார்க்க மட்டும் அழகான பொருள் எது?
- கடைசியாக எடுத்த கடனுக்கு முன்னால் கரும்பலகையில் கணக்குப் போட்டோமா?
- கூட்டத்தில் கேள்வி கேட்பவரை நாம் உட்கார வைக்கிறோமா, பேச வைக்கிறோமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது நாங்களும் படித்துத் தெரிந்து கொள்கிறோம்.