ஒரு லிட்டர் டீசலில் எவ்வளவு தூரம்?

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகமண்டலம் செல்லும் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். ஒரு டன் சுமையை இந்த உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் விடை கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1000 × 9.8 × 1200 = 1,17,60,000 ஜூல்.

36 லட்சம் ஜூல் சேர்ந்தது ஒரு யூனிட். ஆகவே இது ஏறத்தாழ 3.3 யூனிட் ஆகும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றுகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு டன் சுமையை மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஒரு லிட்டர் டீசல் செலவாகிறது. வண்டியின் சொந்த எடையும் சாலையின் உராய்வும் இக்கணக்கில் சேரவில்லை.

இதே ஒரு லிட்டர் எண்ணெயைக் கொண்டு ஒரு பெரிய சரக்குக் கப்பல் ஒரு டன் சுமையை 200 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுசெல்லும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் பெரும்பகுதியை அது கடந்துவிடும்! கப்பல் மேடு ஏற வேண்டியதில்லை. அதன் எடை முழுவதையும் நீரே தாங்கிக்கொள்கிறது. நீரை விலக்கிக்கொண்டு முன்னே செல்வதற்கு மட்டுமே ஆற்றல் தேவைப்படுகிறது.

பிறகு ஏன் சிக்கனம்?

சரக்குப் போக்குவரத்தில் கப்பல் இவ்வளவு சிக்கனமானது என்றால், மேலும் சிக்கனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உலக வணிகப் பொருள்களில், அளவின்படி, 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியே செல்கின்றன. இதற்காகக் கப்பல்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் எண்ணெயை எரிக்கின்றன. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களிலிருந்தே வருகிறது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023-ஆம் ஆண்டில் ஓர் இலக்கை வகுத்தது. 2050-ஆம் ஆண்டை ஒட்டிக் கப்பல்களின் நிகர வெளியீடு பூச்சியமாக வேண்டும் என்பதே அது. அப்போது உங்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது ஆகியிருக்கும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யப்போகிறவர்கள் உங்கள் தலைமுறையினரே.

வேகத்தின் விலை

நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துச் செல்லும் கப்பலை இரு வகைத் தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, கப்பலின் அடிப்புறத்தோடு நீர் உராய்வதால் உண்டாகும் தடை. மற்றொன்று, அலைத்தடை. கப்பல் போகும்போது இருபுறமும் எழும் அலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலைகளை எழுப்பும் ஆற்றலும் எஞ்சினிலிருந்தே செல்கிறது.

தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் கூடினால் ஒரு நொடியில் கடக்கும் தூரமும் கூடுகிறது. ஆகவே எஞ்சின் தர வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

20 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒன்று தன் வேகத்தை 16 நாட்டாகக் குறைக்கிறது. இது பழைய வேகத்தில் 0.8 பங்கு. தேவைப்படும் திறனோ 0.8 × 0.8 × 0.8 = 0.51 பங்கு, அதாவது பாதிதான்! பயண நேரம் 1.25 மடங்கு ஆகிறது. எனவே பயணம் முழுவதற்கும் ஆகும் எண்ணெய் 0.51 × 1.25 = 0.64 பங்கு. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய் மிச்சம். 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல கப்பல் நிறுவனங்கள் இந்த முறையைக் கைக்கொண்டன. புதிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

வடிவத்தின் பயன்

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் 1872-இல் டார்க்கி என்னும் ஊரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்தார். மெழுகால் செய்த சிறு கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துத் தடைவிசையை அளந்தார். கப்பலைக் கட்டுவதற்கு முன்பே அதன் தடையைக் கணிக்க முடியும் என்று காட்டியவர் இவரே. சென்னை ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறையிலும் இத்தகைய இழுவைத் தொட்டி உண்டு.

இத்தகைய ஆய்வுகளின் பயனைப் பெரிய கப்பல்களின் முன்புறத்தில் காணலாம். நீர்மட்டத்துக்குக் கீழே மூக்குப் போல ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். இந்தக் குமிழும் ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையின் பள்ளமும் கப்பல் முகப்பு எழுப்பும் அலையின் மேடும் ஒரே இடத்தில் சேருமாறு குமிழ் அமைக்கப்படுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்தால் அலை தணிகிறது, ஆற்றல் மிச்சமாகிறது.

சிங்காராவும் கப்பல் விசிறியும்

மசினகுடியை அடுத்த சிங்காராவில் பைக்காரா நீர்மின் நிலையம் உள்ளது. இது 1932 முதல் இயங்கி வருகிறது. மேலே கிளன்மார்கனிலிருந்து அழுத்தக் குழாய்களில் இறங்கும் நீர், பெல்டன் சக்கரத்தை மோதிச் சுழற்றுகிறது. இங்கே நீர் சக்கரத்தைத் தள்ளுகிறது. கப்பலிலோ விசிறி நீரைத் தள்ளுகிறது. பின்னே தள்ளப்படும் நீரின் எதிர்விசையால் கப்பல் முன்னே செல்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

எப்படித் தள்ளினால் சிக்கனம்? 10 கிலோ நீரை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தள்ளினால் உந்தம் 200 அலகு; ஆற்றல் ½ × 10 × 400 = 2,000 ஜூல். 100 கிலோ நீரை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 200 அலகுதான். ஆற்றலோ ½ × 100 × 4 = 200 ஜூல் மட்டுமே! ஆகவேதான் பெரிய சரக்குக் கப்பல்களில் விசிறி மிகப் பெரிதாக இருக்கிறது, மெதுவாகச் சுழல்கிறது.

வைக்கத்தில் ஓடும் ஆதித்யா

கேரளத்தின் வைக்கம் நமக்குச் சத்தியாக்கிரகத்தால் அறிமுகமான ஊர். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவு செல்லும் தடத்தில் 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 75 பயணிகளை ஏற்றும் இப்படகு சூரிய ஒளியால் இயங்குகிறது. கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் இதைக் கட்டியது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிறது.

இதன் கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள் உள்ளன. நல்ல வெயில் நாளில் இவை 4 மணி நேர முழு உற்பத்திக்குச் சமமாக மின்சாரம் தரும் என்று கொண்டால் கிடைப்பது 80 யூனிட். அத்துடன் 50 யூனிட் சேமிக்கும் லித்தியம் மின்கலங்களும் உண்டு. ஒரு நாள் முழுதும் ஓடும் படகுக்கு இது மிகச் சிறிய இருப்பு. இது எப்படிப் போதுமானதாயிற்று?

தகடுகளைப் பற்றிச் சிந்திக்குமுன் படகின் தேவையைக் குறைத்ததே விடை. ஒரே அகன்ற உடலுக்குப் பதில், குறுகலான இரண்டு உடல்கள் இணைக்கப்பட்டன. குறுகிய உடல் சிறிய அலைகளையே எழுப்பும். இரட்டை உடல் படகுகளை உலகம் 'கேட்டமரான்' என்கிறது. நம் கட்டுமரம் என்ற சொல்லே இப்படி மாறியது. நம் மீனவரின் கட்டுமரம் மரங்களைப் பிணைத்துச் செய்தது. அமைப்பில் இதனின்றும் வேறுபட்டது. ஆதித்யாவின் உடல் மரத்தாலன்றி, எடை குறைந்த கண்ணாடி இழையால் ஆனது. வேகமும் மிதமாகவே வைக்கப்பட்டது.

படகின் தேவை மூன்று மடங்காக இருந்திருந்தால் மூன்று மடங்கு தகடுகளும் மின்கலங்களும் வேண்டியிருக்கும். அவற்றின் எடையால் படகு மேலும் அமிழும், தடை கூடும், இன்னும் அதிக மின்சாரம் வேண்டும். முதலில் தேவையைக் குறைத்ததால் இந்தச் சுழலிலிருந்து தப்ப முடிந்தது.

பெருங்கடலில்?

ஒரு கிலோ எண்ணெயில் 11 யூனிட்டுக்கும் மேல் ஆற்றல் உண்டு. ஒரு கிலோ மின்கலத்திலோ கால் யூனிட்கூட அரிது. எனவே நீண்ட பயணக் கப்பல்களுக்கு வேறு வழிகள் ஆராயப்படுகின்றன. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் எரிகலப் படகு, 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. காற்றும் மீண்டும் துணைக்கு வருகிறது. ஜெர்மானியரான ஆன்டன் ஃப்ளெட்னர் 1924-இல் சுழலும் உயர்ந்த உருளைகளைக் கப்பலில் நிறுத்திக் காற்றின் உந்துதலைப் பெற்றார். எண்ணெய் மலிவாக இருந்த அக்காலத்தில் அது கைவிடப்பட்டது. இன்று அதே உருளைகள் சில சரக்குக் கப்பல்களில் சுழல்கின்றன.

புதிய எரிபொருள் எதுவாயினும் அது எளிதில் கிடைக்காது, விலையும் கூடும். அதனால் குறைவாகக் கேட்கும் கப்பலுக்கே அது கட்டுப்படியாகும். கப்பலுக்கு மட்டுமன்றி வீட்டு விளக்குக்கும் வயல் பம்புசெட்டுக்கும் இந்த விதி பொருந்தும்.

செய்து பாருங்கள்

20 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரத் தெர்மக்கோல் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை இரண்டாக வெட்டி, 40 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஒரே துண்டாக ஒட்டுங்கள். இரண்டிலும் சமமான எடையை ஏற்றுங்கள். நீண்ட தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, நூலால் கட்டி, நூலின் மறுமுனையைத் தொட்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு அதில் எடையைக் கட்டுங்கள். எது விரைவாக வருகிறது? பின்பு தொங்கும் எடையை நான்கு மடங்காக்கி நேரத்தை அளந்து பாருங்கள். வேகம் எத்தனை மடங்கு கூடுகிறது?

வினாக்கள்

1. கப்பலின் வேகத்தைப் பாதியாக்கினால் அதே தூரத்துக்கு எண்ணெய் எத்தனை பங்காகக் குறையும்?
2. கப்பலின் அடியில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டால் எண்ணெய்ச் செலவு கூடுவது ஏன்?
3. பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது சிக்கனமானது ஏன்? உந்தம், ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.