இரும்பு வேலிக்கால்களை விசைச் சம்மட்டியால் ஊன்றுதல்

புனேயை அடுத்த கண்டோன்மெண்ட் ஊரான தேஹு ரோடு, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணப் பாறைமீது அமைந்தது. இப்பகுதியில் கரிசலுக்கும் முரம்புக்கும் அடியில் பாறை பல இடங்களில் ஆழமின்றியே கிடக்கிறது. ஆகவே, முதலில் கடப்பாறையால் குத்தி ஆழத்தை அறிதல் வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினாலோ அழுத்தக் காற்றாலோ இயங்கும் விசைச் சம்மட்டி, காலின் தலைமீது விரைந்து அடித்து அதனை இறக்குகிறது. குழி தோண்டாமையால் மண் குலையாது காலை இறுகப் பற்றுகிறது. கால் இறங்காது நின்றுவிடின், அடிப்பதை உடனே நிறுத்துதல் வேண்டும். இன்றேல் கால் வளையும், தலை நசுங்கும். அவ்விடத்தில் பாறையைத் துளையிட்டுக் காங்கிரீட்டு இடுதலே தக்கது.

கரிசல் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், அதில் ஆழமின்றி ஊன்றிய கால் நாளடைவில் ஆடும். நிலத்தடி மின்கம்பிகளின் வழியை விசாரியாமல் ஒரு காலையும் இறக்கலாகாது. அப்பிழைக்கு உயிரே விலையாகலாம்.