பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்

அன்புள்ள கயலுக்கு,

ஆர்டுயினோ ஊனோ போர்டு வந்த அன்றைக்கே எல்.இ.டி.யைச் சிமிட்டவைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அடுத்தது மோட்டாராமே? அதற்கு முன் இதைப் படித்துவிடு.

இத்தாலியின் இவ்ரேயா நகரில், ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் 2005-ல் பிறந்தது ஆர்டுயினோ. மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காகச் செய்தது என்பதால் சில தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. வழியே 500 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால், தானே மீளும் ஃபியூஸ் ஒன்று குறுக்கிட்டு உன் கணினியைக் காக்கும். வட்டத் துளையில் துருவம் மாறிய அடாப்டரைச் செருகினால் ஒரு டயோடு தடுத்துவிடும். ஆனால் பின்களுக்கு இப்படிக் காவல் கிடையாது.

உள்ளே இருப்பது ஏ.டி.மெகா328பி சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்; புரோகிராமுக்கு 32 கிலோபைட்; ஓடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட். செல்போனோடு ஒப்பிட்டுச் சிரிக்காதே. மண்ணின் ஈரம் பார்த்து பம்ப்பை ஓட்டுவதற்கு இதுவே தாராளம். டிஜிட்டல் பின்கள் 14, அனலாக் உள்ளீடுகள் 6. டிஜிட்டலில் 0, 1 இரண்டையும் தொடாதே. புரோகிராம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதியாக எடுக்கலாம். 40 என்பது சிப் தாங்கும் உச்சம். அதைக் குறிவைத்து எதையும் கட்டாதே. எல்லாப் பின்களும் சேர்ந்தாலும் 200-ஐத் தாண்டக் கூடாது. பின் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் ஏற்றால், ஓடுவது ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர். இந்தக் கணக்கை ஒவ்வொரு உறுப்புக்கும் போட்டுப் பார்.

போட்டால், மோட்டாரை ஏன் நேராக மாட்டக் கூடாது என்பது தெரிந்துவிடும். சின்ன பொம்மை மோட்டார்கூட பின் தருவதைவிடப் பல மடங்கு கேட்கும், அதுவும் கிளம்பும்போது. நேராக மாட்டிச் சுற்றவைக்கும் வீடியோக்கள் உண்டு. சுற்றும்தான், எத்தனை நாளைக்கு என்று வீடியோ சொல்லாது. நீ நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வை. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடு. அணைக்கும் நொடியில் மோட்டாரின் சுருள் எதிர்த்துத் தள்ளும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்; ஆகவே மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போடு. பேட்டரியின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் ஒன்றும் அசையாது. பாவம், புரோகிராமைத்தான் திட்டுவோம்.

அடாப்டர் 7 முதல் 12 வோல்ட் வரை இருக்கலாம். நான் 9-ஐத்தான் சொல்வேன். 12 கொடுத்தால் 5-ஐ எடுத்துக்கொண்டு மீதி 7 வோல்ட்டை ரெகுலேட்டர் வெப்பமாகத்தான் கழிக்கும். 200 மில்லி ஆம்பியர் ஓடும்போது அது 1.4 வாட், தொட்டால் சுடும். 5வி என்று எழுதிய பின்னில் 9 வோல்ட் பேட்டரியைச் செருகிவிடாதே. அது ரெகுலேட்டரைத் தாண்டி நேரே சிப்புக்குப் போகும் வழி. ஒரு நொடி போதும், போர்டு போய்விடும்.

வயர் மாற்றும் முன் யு.எஸ்.பி.யைக் கழற்று. போர்டின் அடிப்பக்கம் முழுக்கச் சால்டர் முனைகள். எவர்சில்வர் தட்டில் வைத்து வேலை செய்யாதே. ரிலே வாங்கினாலும் 230 வோல்ட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

மோட்டார் சர்க்யூட்டை முதலில் காகிதத்தில் வரைந்து எனக்குப் படம் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிறகு பேட்டரியை மாட்டு.

அன்புடன்,
மாமா